தேயிலைப் பெட்டிப் பலகையும் இசைத்தட்டும்

நல்ல ஒலி வேண்டுமானால் பெரும் பணம் வேண்டும் என்பது இசைத்தட்டு ஆர்வலர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். அது பாதி உண்மைதான். இலங்கை மலையகத்தின் ராகலையில் நான் கண்ட ஒரு கருவியும், அது அங்கே வந்துசேர்ந்த வரலாறும் மீதிப் பாதியைச் சொல்லும்.

சாவி கொடுத்து இயக்கிய பழைய கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. எனவே மின்விளக்கு எட்டாத தோட்ட லயன்களிலும் அது பாட முடிந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக 1904இல் ராகலையை எட்டிய குறுகிய ரயில் பாதை, 1940களில் மூடப்படும் வரை, தேயிலையைக் கீழே இறக்கியது. வெளியுலகப் பண்டங்களை மேலே ஏற்றியது.

1948இல் நீண்ட நேரம் ஒலிக்கும் வினைல் தட்டு வந்தபின் மின்மோட்டார் கருவிகள் பரவின. அவற்றோடு ஒரு சிக்கலும் வந்தது. தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும் அளவு தலைமயிரின் தடிமனிலும் குறைவு. மலிவான கருவிகளில் மோட்டாரின் அதிர்வு ரப்பர் சில்லு வழியாகத் தட்டுக்கும், அங்கிருந்து ஊசிக்கும் ஏறிவிடும். பாட்டின் அடியில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

1961இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் இதற்கு எளிய விடை கண்டார். சுழல்தட்டையும் ஊசிக்கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அச்சட்டத்தை வில்சுருள்களில் தொங்கவிட்டார். மோட்டாரைத் தனியே வைத்து ரப்பர் பட்டியால் மட்டும் இணைத்தார். ஏ.ஆர். நிறுவனத்தின் அந்த மலிவான கருவி, அதைவிடப் பன்மடங்கு விலையுள்ளவற்றோடு போட்டியிட்டது. பகையாளி அதிர்வு என்பதை அது காட்டிவிட்டது.

1976இல் செய்தி சேகரிக்க ராகலை சென்றிருந்தேன். 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்ற 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம். இசைத்தட்டு கனமானது, எளிதில் உடைவது. கப்பலேறுவோர் அவற்றைக் கிடைத்த விலைக்கு விற்றனர். மறுபுறம், இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதிய கருவியோ உதிரிப்பாகமோ கிடைப்பது அரிது.

கடைவீதியில் வானொலி திருத்தும் ஒருவர், அப்படி விற்கப்பட்ட சாதாரணப் பிளேயர் ஒன்றைச் செப்பனிட்டிருந்தார். தேயிலைப் பெட்டிப் பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டி, கனத்த அடித்தளம் அமைத்திருந்தார். மோட்டார், சைக்கிள் டியூப் துண்டுகளின்மேல் அமர்ந்திருந்தது. அச்சின் பழைய மசகை மண்ணெண்ணெயில் கழுவி, தையல் இயந்திர எண்ணெய் விட்டிருந்தார். ஊசிக்கையின் பின்புறம் ஈயத்துண்டு கட்டி, தட்டின்மேல் ஊசி அழுத்தும் பாரத்தைக் குறைத்திருந்தார். அளவுக்கு மீறிக் குறைத்தால் ஊசி துள்ளிப் பள்ளத்தைக் கெடுக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. உறுமல் ஏறக்குறைய அடங்கி, நாதஸ்வரத்தோடு தவிலின் கும்காரம் தனித்துக் கேட்டது.

விலையுயர்ந்த கருவிக்கு அது முற்றிலும் ஈடு என்று சொல்லமாட்டேன். சீரான வேகமும் ஊசிக்கையின் நுண்மையும் தொழிற்சாலையில்தான் கைகூடும். ஆயினும் இடைவெளியின் பெரும்பகுதியைக் கனமான பலகையும் பொறுமையும் நிரப்பிவிட்டன. பழைய லென்கோ, கரார்ட் கருவிகளுக்குக் கனத்த அடித்தளம் அமைக்கும் இன்றைய ஆர்வலர்கள் செய்வதும் இதுவே.

இலங்கைக்கு இது புதிதுமன்று. 1920களில் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களைக் கொண்டு அமைத்த கருவியால்தான் கொழும்புத் தந்தி அலுவலகத்திலிருந்து கிராமபோன் இசை முதன்முதலில் ஒலிபரப்பாயிற்று. 1925 டிசம்பரில் முறையான வானொலிச் சேவை தொடங்கியது.

புறப்பட்டவர்கள் விட்டுச்சென்ற தட்டுகளில் எத்தனையோ மலைக்குளிரின் ஈரத்தில் பூஞ்சணம் பூத்தும், மழுங்கிய ஊசியால் கீறுண்டும் அழிந்தன. செப்பமில்லாத கருவி ஒவ்வொரு முறை பாடும்போதும் தட்டைச் சிறிது தின்கிறது. ஆதலால் அதைச் செப்பனிடுவதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. மறுபதிப்புக் காணாத ஒரு பாட்டின் ஆயுள் அதில் அடங்கியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிளேயர் கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன் ஊசியையும் அடித்தளத்தையும் ஒருமுறை கவனியுங்கள்.