துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு

சென்னை திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்தில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் நிற்கும் பாரதியார் இல்லம், சுப்பிரமணிய பாரதி கடைசியாகக் குடியிருந்த வாடகை வீடு. 1921 செப்டம்பரில் அவர் உயிர் பிரிந்தது இங்கேதான். தமிழக அரசு இதை வாங்கிப் புதுப்பித்து நினைவில்லமாக்கியது 1993-ல். இடைப்பட்ட எழுபத்திரண்டு ஆண்டுகளில் அவர் பாட்டு தமிழ் பேசும் ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது; அவர் படுத்திருந்த வீடோ பத்தோடு பதினொன்றாகத் தெருவில் நின்றது.

தெருவின் பெயர் கோயிலோடு ஒட்டியது. பார்த்தசாரதி கோயிலுக்குள் மேற்கு நோக்கியிருக்கும் நரசிம்மருக்குத் தெள்ளியசிங்கர் என்று பெயர்; பேச்சு வழக்கில் அது துளசிங்கமானது. பேருந்திலும் அஞ்சல் முகவரியிலும் இன்று ‘டி.பி. கோயில் தெரு’ என்று சுருங்கிவிட்டது.

பாரதிக்குத் திருவல்லிக்கேணி புதிய இடமன்று. 1904 நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு நிறையவில்லை. 1906-ல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழுக்குப் பின்பலமாக நின்ற மண்டயம் குடும்பத்தார் திருவல்லிக்கேணிவாசிகள். சுதேசி இயக்கத்தின் பொதுக்கூட்டங்கள் கூடியதும் இந்தப் பேட்டையின் கடற்கரையில்தான். 1908-ல் ‘இந்தியா’ மீது அரசு நடவடிக்கை எடுத்து, அதன் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் கைதானதும், பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்தாண்டு அங்கே கழிந்தது. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியவுடன் கடலூர் அருகே கைதாகி, சில வாரம் சிறையிலிருந்து, நிபந்தனையோடு விடுதலையாகி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குச் சென்றார்.

இந்த வீட்டுக்கு அவர் என்ன மனநிலையோடு வந்தார் என்பதை அறியக் கடையத்து நாட்களைப் பார்த்தாக வேண்டும். 1919-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதித் தம் புலமைக்குரிய வரிசைகளைக் கேட்டார். பணமுடிப்போடு பல்லக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு, தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படி அச்சிட்டு வெளியிடும் திட்டத்தை விவரித்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிப் பணம் திரட்ட முயன்றார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போகும் வீடுகளுக்கெல்லாம் தம் புத்தகம் போகும் என்று நம்பினார். அந்த முயற்சியும் கைகூடவில்லை. அவர் மீதிருந்த கட்டுப்பாடுகள் 1920-ல் நீங்கின. அந்த ஆண்டின் இறுதியில், ஏ. ரங்கசாமி ஐயங்கார் ஆசிரியராக இருந்த சுதேசமித்திரனில் மீண்டும் உதவி ஆசிரியரானார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் சென்னை வாழ்க்கை தொடங்கிய அதே பத்திரிகை, அதே பதவி.

திருவல்லிக்கேணியில் குடியேறியபின் அலுவலகமும் கோயிலும் நண்பர் வீடுகளுமாக நாட்கள் சென்றன. கோயில் யானைக்குப் பழமோ தேங்காயோ கொடுப்பது அவர் வழக்கம். ஒருநாள் மதம் பிடித்துச் சங்கிலியிட்டிருந்த யானையின் அருகே அவர் போக, அது துதிக்கையால் தள்ளிவிட, அதன் கால்களுக்கிடையே விழுந்தார். சுற்றி நின்றவர்கள் அஞ்சி விலகியபோது குவளைக் கண்ணன் பாய்ந்து சென்று அவரைத் தூக்கி வந்தார். புதுச்சேரி நாட்களிலிருந்தே பாரதியைப் பிரியாதவர் அவர். மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியார் உதவியோடு ராயப்பேட்டை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தார்கள். இது 1921 ஜூனில் நடந்தது என்று வெகுகாலம் எழுதப்பட்டு வந்தது. ஆனால் ‘கோயில் யானை’ என்ற பாரதியின் சிறு நாடகம் 1921 ஜனவரியிலேயே சுதேசமித்திரனில் வெளியாகியிருப்பதால், சம்பவம் அதற்கும் முந்தியது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு.

மாதம் எதுவானாலும், யானை அடித்துப் பாரதி இறந்தார் என்று இன்றும் பலர் சொல்வது தவறு. காயம் ஆறி அவர் வேலைக்குத் திரும்பினார். 1921 ஜூலை 31 அன்று ஈரோட்டில் கருங்கல்பாளையம் வாசகசாலையின் ஆண்டு விழாவில், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். அந்தப் பயணத்தைப் பற்றி ஆகஸ்டில் சுதேசமித்திரனில் உற்சாகம் ததும்ப எழுதினார். எழுந்து நடமாடி, ரயிலேறி, வெளியூர் மேடையில் நின்று, திரும்பி வந்து கட்டுரையும் எழுதிய மனிதரை யானையின் பலியாகச் சொல்வது, அவர் கடைசிக் கோடைக்குச் செய்யும் அநீதி. யானைக்குமே அது அநீதிதான்.

செப்டம்பர் தொடக்கத்தில் வயிற்றுக்கடுப்பு கண்டது. ஏற்கெனவே மெலிந்திருந்த உடல் தாங்கவில்லை. மருந்து உட்கொள்ள மறுத்தார். கடைசி இரவில் வீட்டாரோடு பரலி சு. நெல்லையப்பரும் புரட்சியாளர் நீலகண்ட பிரம்மச்சாரியும் விழித்திருந்தனர். நெல்லையப்பர் 1917-ல் ‘கண்ணன் பாட்டை’ அச்சேற்றியவர். பாரதியின் மதிப்பைப் பதிப்பாளராகவே உணர்ந்திருந்தவர். ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு காலையில் சீக்கிரம் அலுவலகம் போக வேண்டும் என்று நோயாளி சொன்னதாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்த வீட்டைப் பற்றிய செய்திகளில் மிகவும் துயரமானது இதுவே. உடம்பு கைவிட்ட பின்னும் பத்திரிகையாளரின் மனம் மறுநாள் வேலையில் இருந்தது.

நள்ளிரவு கடந்து சுமார் ஒன்றரை மணிக்கு உயிர் பிரிந்தது. முப்பத்தொன்பது வயது நிறைய மூன்று மாதம் இருந்தது. நேரப்படி அது செப்டம்பர் 12. மாநகராட்சிப் பதிவும் அந்தத் தேதியையே காட்டுகிறது. ஆயினும் இரவைக் கணக்கிட்டுச் செப்டம்பர் 11 என்று சொல்லும் வழக்கமே நிலைத்தது. நூற்றாண்டு நினைவு ஆண்டான 2021-ல் அரசு ‘மகாகவி நாள்’ என்று அறிவித்ததும் 11-ஐத்தான். விடிந்தபின் உடலைக் கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றனர். உடன் சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை. சுரேந்திரநாத் ஆர்யா இரங்கல் உரையாற்றினார். ஹரிஹர சர்மா கொள்ளி வைத்தார்.

குடும்பம் வீட்டை விட்டது. செல்லம்மாள் ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில் 1922-ல் கணவரின் பாடல்களை வெளியிட்டார். பின்னர் பதிப்புப் பணி பாரதி பிரசுராலயத்திடமும், உரிமை பாரதியின் தம்பி விசுவநாதனிடமும் சென்றன. பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை தனியே விலைபோய், கைமாறி, ஏ.வி. மெய்யப்பனை அடைந்தது. அவர் தயாரித்து 1947-ல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் தமிழ்நாடெங்கும் ஒலித்தன. தேசியக் கவியின் பாட்டு தனியார் உடைமையாக இருப்பதா என்ற கேள்வியும் கூடவே வலுத்தது. மெய்யப்பன் தம் உரிமையை விலை கேட்காமல் விட்டுக்கொடுக்க, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியின் கடைசி வாரங்களில், 1949 மார்ச்சில், சென்னை அரசு பதிப்புரிமையை ஏற்றது. சில ஆண்டுகளில் அது மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டது. இந்தியாவில் ஓர் எழுத்தாளரின் படைப்புகள் அப்படி நாட்டுடைமையானது அதுவே முதல் முறை.

நினைவிடம் என்று முதலில் எழுந்தது எட்டயபுரம் மணிமண்டபம். எழுத்தாளர் கல்கியின் முயற்சியில் பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையால் கட்டப்பட்டு 1947-ல் திறக்கப்பட்டது. அவர் பிறந்த வீடும், புதுச்சேரியில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடும் பின்னர் நினைவில்லங்களாயின. திருவல்லிக்கேணி வீடு பிந்தியதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. பிறந்த ஊருக்குப் பெருமை உண்டு. புதுச்சேரிக்குக் ‘குயில் பாட்டு’, ‘பாஞ்சாலி சபதம்’ பிறந்த பெருமை உண்டு. சென்னை வீட்டுக்கு உரியவை சில மாதக் குடித்தனமும் ஒரு மரணமும் மட்டுமே. அதிலும் வாடகை வீடு. நிலமதிப்பு ஏறிக்கொண்டே போன பேட்டை. இடிபடாமல் 1993 வரை தப்பியதே பெரிது.

செய்தி மக்கள் தொடர்புத் துறையின் பராமரிப்பில் உள்ள இல்லத்தில் பாரதியின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களும் நூலகமும் இருக்கின்றன. இன்று கிடைத்திருக்கும் அவருடைய ஒளிப்படங்கள் மொத்தம் ஐந்தே என்பதால், எந்தப் பாரதி நினைவிடத்துக்குப் போனாலும் அதே முகங்களே மீண்டும் கண்ணில் படும். இந்த இல்லத்துக்கே உரிய காட்சிப்பொருள் அதன் இருப்பிடம். வாசலில் இறங்கி நடந்தால் சில நிமிடத்தில் கோயில்; இன்னும் சற்று நடந்தால் கடற்கரை. யானையிடம் போன வழியும், 1900-களின் பொதுக்கூட்டங்களுக்குக் கூட்டம் திரண்ட வழியும் இன்றும் கால்நடையாகக் கடக்கும் தொலைவில் இருக்கின்றன. பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் இலக்கிய அன்பர்கள் இங்கே கூடிப் பாடுவதும் பேசுவதும் வழக்கமாகிவிட்டது.

அவற்றுள் பழைய கணக்கு ஒன்றைத் தீர்க்கும் நிகழ்ச்சியும் உண்டு. வானவில் பண்பாட்டு மையம் 1990-களிலிருந்து ஆண்டுதோறும் டிசம்பரில் நடத்தும் பாரதி விழாவில், பாரதியின் உருவத்தை ஜதிப் பல்லக்கில் ஏற்றி, பாட்டும் கொட்டுமாகப் பார்த்தசாரதி கோயில் அருகிலிருந்து இந்த வீட்டுக்குத் தோளில் சுமந்து வருகிறார்கள். எட்டயபுரத்திடம் 1919-ல் கேட்டு வராத பல்லக்கு, துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வழியாக அவர் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது.