முடிச்சூர் மூழ்கியது எந்தத் தண்ணீரில்?

1/ 2015 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கா? முடிச்சூர், வரதராஜபுரம் மக்களை மாடியிலிருந்து படகில் இறக்கினாங்க. "செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டாங்க, அதான்" என்று இன்றைக்கும் பலர் சொல்றாங்க. அந்த வரலாற்றைக் கொஞ்சம் சரிபார்ப்போம்.

2/ மேப்பை எடுத்துப் பாருங்க. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆறு இறங்கி வரும் வழியில் இருக்கின்றன. அன்று இரவு திறந்த விநாடிக்கு 29,000 கன அடி நீர் சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் போனது. கீழே ஆறு நிரம்பினால் மேலே வடிவது தாமதமாகும், அது உண்மை. ஆனால் முடிச்சூர் வீடுகளுக்குள் வந்தது வேற தண்ணீர்.

3/ அது எங்கிருந்து வந்தது? டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பி இருந்தன. ஆதனூர், மண்ணிவாக்கம், ஒரத்தூர், மணிமங்கலம் என எல்லாப் பக்கத்து உபரியும் ஒரே நேரத்தில் அடையாற்றுக்கு வந்தது.

4/ அடையாறு மலையில் பிறந்த ஆறு இல்லைங்க. ஏரிகள் சேர்ந்து உண்டாக்கின ஆறு. ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்து. கடைசி ஏரியும் வழிந்தால் ஆறு. நடுவில் இருந்த நஞ்சை வயல்கள் மழைக்காலத்தில் சில நாள் தண்ணீரைத் தாங்கி, மெதுவாகக் கீழே விடும்.

5/ பிறகு அந்த வயல்கள் மனைகளாயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர் பெயர்ப் பலகை வந்தது. வயல் தாங்கிய தண்ணீருக்கு மட்டும் யாரும் மாற்று இடம் ஒதுக்கவில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கினவங்களை இதில் குறை சொல்லிப் பயனில்லை. அங்கீகாரம் பெற்ற மனை என்று நம்பி வாங்கினவங்களும் மூழ்கினாங்க.

6/ இதே ஆறு சுமார் 42 கி.மீ. ஓடிக் கடலைத் தொடும் இடத்தில் கதை வேற. அங்கே உப்பங்கழியில் பல வருஷம் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டினாங்க. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 58 ஏக்கரில் இடிபாட்டைத் தோண்டி எடுத்து, தண்ணீருக்கு இடம் விட்டு, அலையாத்தி மரங்களை நட்டாங்க. 2011 ஜனவரியில் திறந்த தொல்காப்பியப் பூங்கா அதுதான். ஆற்றின் வாய்க்குப் பூங்கா கிடைத்தது, தலைப்பக்கத்துக்கு மனைப்பிரிவு.

7/ சிங்கப்பூரில் நடந்ததையும் பாருங்க. பிஷான் பூங்கா ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கி.மீ. நீளக் கான்கிரீட் கால்வாயாக நேர்கோட்டில் ஓடியது. கான்கிரீட்டை உடைத்து, ஆற்றைப் பூங்காவுக்குள்ளேயே 3.2 கி.மீ. வளைந்து ஓட விட்டாங்க. 2012இல் திறந்தாங்க. சாதாரண நாளில் கரைப் புல்லில் பிள்ளைங்க விளையாடுவாங்க. பெருமழை வந்தால் அபாயச் சங்கு ஒலிக்கும், மக்கள் மேலே ஏறிடுவாங்க, புல்வெளியே ஆறாகிவிடும். ஆற்றின் அகலம் கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை விரியும். சுற்றியுள்ள குடியிருப்புக்குத் தண்ணீர் போகாது.

8/ நம்ம பக்கமும் சும்மா இல்லை. 2015க்குப் பிறகு அடையாற்றை அகலப்படுத்தினாங்க. ஒரத்தூரில் நீர்த்தேக்கப் பணி தொடங்கினாங்க. ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் மறுபடியும் தண்ணீர். அகலமான கால்வாய் தண்ணீரைச் சீக்கிரம் கீழே அனுப்பும். தேக்கி வைக்க வயலோ தாழ்வான வெளியோ வேணும்.

9/ அந்த இடம் எங்கே இருக்கு? பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீத நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக விடணும் என்பது விதி. அந்த இடத்தை நாம என்ன செய்றோம்? மண் கொட்டி மேடாக்கி, டைல்ஸ் ஒட்டி, சுற்றுச்சுவர் கட்டி, பூங்கா என்று பலகை வைக்கிறோம். மழைநீர் அதில் இறங்காமல் தெருவுக்கு ஓடுது. அதே பூங்காவைத் தெருவைவிட மூன்றடி தாழ்வாக வைத்தால்? வருஷத்தில் பத்து நாள் குளம், மீதி நாள் விளையாட்டு மைதானம்.

10/ டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கலாம். வெள்ளம் வடிந்த மறுவாரம் கிளினிக்குக்கு வருவது வயிற்றுப்போக்கு, சேற்றுப்புண், எலிக்காய்ச்சல். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் சின்னக் காயம் இருந்தால்கூடப் போதும். வெள்ளத்தில் நடந்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் தள்ளிப் போடாதீங்க, உடனே மருத்துவரைப் பாருங்க. மாத்திரையால் அந்த நோயைச் சரி செய்யலாம். தண்ணீர் தேங்கும் இடத்தை மாற்ற மாத்திரை கிடையாது.

11/ அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ இரண்டே கேள்வி கேளுங்க. எங்க ஏரியின் கலங்கல் எங்கே, அதிலிருந்து போகும் கால்வாய் இப்போ யார் வீட்டுக்கு அடியில்? புதுசா வரப்போற பூங்கா தெருவைவிட மேடா, பள்ளமா? பதிலை எழுத்தில் வாங்குங்க. ஐப்பசி பிறக்கும் முன்னாடியே கேட்டுடுங்க.