கறுத்த ஒயில் சொல்லும் கதை

சென்ற மாத உரையைக் கேட்கத் தவறிய சிலர் அதை எழுத்தில் தரும்படி கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக இந்தப் பக்கம்.

இந்த உரைக்குக் காரணம் என் நண்பர் ஒருவர். ஊரில் பத்து வருடம் லொறி ஓட்டியவர். இங்கே கனடாவுக்கு வந்து, தொழிற்சாலையில் இரவு வேலை செய்து சேர்த்த காசில் 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பான ட்ரக் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஒயில் மாற்றுவதில் நாள் தவறாதவர். ஒரு முறை, மூடப்போகும் கடையொன்றில் மலிவாகக் கிடைத்ததென்று பழைய ஒயில் பீப்பாக்கள் சிலவற்றை வாங்கிவந்தார். பீப்பாவில் 'டீசல் எஞ்சின் ஒயில்' என்று எழுதியிருந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, புகைக்குழாயில் உள்ள வடிகட்டி சாம்பலால் அடைபட்டு ட்ரக் இழுக்க மறுத்தது. மூன்று கிழமை வேலையில்லை. திருத்தக் கூலி, வீட்டுக் கடன், மகளின் பல்கலைக்கழகக் கட்டணம் மூன்றும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. "அண்ணை, ஒயில் நல்ல ஒயில்தானே, பிறகேன் இப்பிடி வந்தது?" என்று கேட்டார். ஒயில் நல்லதுதான். ஆனால் அது வேறொரு காலத்து எஞ்சினுக்குச் செய்த ஒயில். அந்தப் பதில் விளங்க வேண்டுமென்றால் ஒரு நூற்றாண்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதை எங்களில் யார் மறப்போம்? பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத பங்கு பிஸ்ரனின் பக்கத்தால் வழிந்து, கீழே இருக்கும் ஒயிலில் கலந்து அதைத் தண்ணீராக்கும். ஒயில் தண்ணீரானால் இரும்பும் இரும்பும் உரசும். எரிபொருள் மாறினால் ஒயிலின் பாடும் மாறும் என்பதை நாங்கள் பட்டறிந்தவர்கள். டீசல் ஒயிலின் வரலாறு முழுவதும் இந்த ஒரு பாடம்தான்.

ருடோல்ப் டீசல் தன் எஞ்சினை ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பல காலம் அது கப்பலுக்கும் ஆலைக்கும் உரிய பெரிய எஞ்சினாகவே இருந்தது. 1931இல் அமெரிக்காவின் கட்டர்பிலர் நிறுவனம் டீசல் எஞ்சின் பூட்டிய சங்கிலிச் சக்கர உழவு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செலவு குறைவு, இழுவை அதிகம். விவசாயிகளும் வீதி போடுபவர்களும் விரும்பி வாங்கினார்கள்.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று வந்தது. அன்றைய ஒயில் என்பது நிலத்தடி எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்த வெறும் ஒயில். பெற்றோல் எஞ்சினில் ஒழுங்காக வேலை செய்த அதே ஒயில், டீசல் எஞ்சினின் சூட்டில் கருகிப் பிசின் போலப் பிஸ்ரன் வளையங்களைச் சுற்றி இறுகியது. வளையம் அசையாமல் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் புகை தள்ளும், பலம் இழக்கும், கடைசியில் நின்றுவிடும்.

இதற்கு மருந்து தேடி, கட்டர்பிலருடன் கலிபோர்னியா ஸ்ராண்டர்ட் ஒயில் நிறுவனமும் வேலை செய்தது. இன்று செவ்ரோன் என்று நாம் அறிவது அதைத்தான். 1930களின் நடுப்பகுதியில் ஒயிலுக்குள் சவர்க்காரம் போல வேலை செய்யும் ஒரு பொருளைக் கலந்தார்கள். அழுக்கு உலோகத்தில் ஒட்டாமல் ஒயிலிலேயே மிதந்தது. 'டெலோ' என்ற பெயரில் அந்த ஒயில் வந்தது. டீசல் எஞ்சின் லூப்ரிகேட்டிங் ஒயில் என்பதன் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். 'ஒயில் கறுத்தால் கெட்டுப் போச்சு' என்று எங்கள் அப்பாமார் சொல்வார்கள். வெறும் ஒயில் காலத்தில் அது பொருந்தியிருக்கலாம். சவர்க்காரம் கலந்த ஒயில் கறுப்பது அதன் வேலை. துணி தோய்த்த தண்ணீர் தெளிவாக இருந்தால் ஊத்தை துணியிலேயே இருக்கிறது என்றுதானே பொருள்? கறுத்த ஒயில் தன் மடியில் கரியைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த மடிக்கும் ஓர் அளவு உண்டு என்பதால்தான் குறித்த தூரத்தில் மாற்றச் சொல்கிறார்கள்.

அந்த முதல் மருந்துக்கும் பக்கவிளைவு இருந்தது. எஞ்சினுக்குள் செம்பும் ஈயமும் கலந்து செய்த பெயாரிங்குகளைப் புதிய ஒயில்கள் சில அரித்தன. அதைத் தடுக்க 1940களில் துத்தநாகமும் பொஸ்பரசும் சேர்ந்த சேர்மானம் ஒன்று வந்தது. அரிப்பைத் தடுக்க வந்த அது தேய்மானத்தையும் தடுப்பதைப் பிறகு கண்டுகொண்டார்கள். இன்றைக்கும் பெரும்பாலான எஞ்சின் ஒயில்களில் அது இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க இராணுவத்துக்கு ஆயிரக்கணக்கான டீசல் எஞ்சின்களை ஓடவைக்க வேண்டியிருந்தது. கடைக்காரரின் வாக்கை நம்ப முடியாது. கட்டர்பிலர் சோதனை எஞ்சினில் ஒயிலை 480 மணி நேரம் ஓட்டி, பிறகு கழற்றிப் பார்த்துத் தேறியதை மட்டும் வாங்கினார்கள். 2-104 என்ற இலக்கத்தில் வந்த அந்த இராணுவ விதி, பல முறை திருத்தப்பட்டு இன்றும் அதே இலக்கத்தில் வாழ்கிறது. ஒயிலின் தரத்தைப் பேச்சால் அல்ல, எஞ்சினைக் கழற்றித்தான் தீர்மானிக்க வேண்டும் என்ற வழக்கம் இப்படித்தான் ஊன்றியது.

பொதுமக்களுக்கு ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் 1947இல் ரெகுலர், பிரீமியம், ஹெவி டியூட்டி என்று மூன்று வகை சொன்னது. 1952இல் டீசலுக்கு டி.ஜி., டி.எம்., டி.எஸ். என்று மாற்றியது. 1970களின் தொடக்கத்தில் 'சி' எழுத்து வரிசை வந்தது: சி.ஏ., சி.பி., சி.சி., சி.டி. என்று. அந்த வரிசையில்தான் இன்றும் நிற்கிறோம்.

இதன்பின் எழுத்துகளை முன்னே தள்ளியது சுற்றுச்சூழல் சட்டம். டீசலில் உள்ள கந்தகம் எரிந்தால் அமிலம் உண்டாகும். அதை முறிக்க ஒயிலில் காரப் பொருள் நிறையச் சேர்ப்பார்கள். 1993இல் அமெரிக்கா வீதி வாகன டீசலின் கந்தகத்தைப் பத்து இலட்சத்தில் 500 பங்காகக் குறைத்தது. அதற்கேற்ப சி.ஜி-4 வந்தது. 1998இல் சி.எச்-4. 2002இல் எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் முறை பரவியபோது, ஒயிலில் கரியும் அமிலமும் கூடின. அதைத் தாங்கப் பிறந்தது சி.ஐ-4.

2006இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீதி டீசலின் கந்தகம் 15 பங்குக்கு இறங்கியது. 2007ஆம் ஆண்டு எஞ்சின்களுடன் புகைக்குழாயில் கரி வடிகட்டி வந்தது. இதுதான் என் நண்பரின் கதை தொடங்கும் இடம். வடிகட்டியில் பிடிபடும் கரியை எஞ்சினே சூடாக்கி எரித்துவிடும். ஆனால் ஒயிலில் உள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிவிடும். எனவே 2006இல் வந்த சி.ஜே-4 ஒயிலில் சாம்பலுக்கு 1 சதவீதம் என்று எல்லை வைத்தார்கள். நண்பரின் பீப்பாவில் இருந்தது சி.எப். ஒயில். வடிகட்டி என்ற ஒன்றை அறியாத காலத்து ஒயில்.

2016 டிசம்பரில் சி.கே-4, எப்.ஏ-4 என்று இரண்டு ஒன்றாக வந்தன. சி.கே-4 முந்தியவற்றுக்குப் பதிலாகப் பொதுவாகப் பாவிக்கலாம். எப்.ஏ-4 அப்படியல்ல. எரிபொருளைச் சேமிக்கவென்று மெல்லியதாகச் செய்த அதை, தயாரிப்பாளர் அனுமதித்த புதிய எஞ்சின்களுக்கு மட்டுமே ஊற்றலாம். சி.கே-4 என்ற எழுத்துகூட எல்லாவற்றுக்கும் போதாது. போர்ட் நிறுவனம் அப்போதே தன் டீசல் எஞ்சின்களுக்குத் தனக்கென்று ஒரு தர இலக்கத்தைக் கேட்டது. புதியது எல்லாம் பழையதற்குப் பொருந்தும் என்ற நம்பிக்கையும் இங்கே முடிகிறது.

ஐரோப்பாவில் வாழும் உறவுகள் டப்பாவில் ஏ.சி.ஈ.ஏ. என்ற எழுத்தைத் தேட வேண்டும். அங்கே வடிகட்டி உள்ள கனரக எஞ்சின்களுக்கான ஈ6, ஈ9 வகைகளின் இடத்துக்கு 2022இல் ஈ8, ஈ11 வந்தன.

கடைக்குப் போகும்போது இவற்றை நினைவில் வைத்திருங்கள். முதலில் வாகனத்தின் கைநூலில் உள்ள எழுத்தையும் தர இலக்கத்தையும் எழுதி எடுங்கள். டப்பாவின் பின்புறம் உள்ள ஏ.பி.ஐ. வட்டத்தின் மேற்பாதியில் அதே எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத்தின் நடுவில் இருப்பது தடிப்பு. 15டபிள்யூ-40இல் டபிள்யூ என்பது குளிர்காலம். அதன் குளிர்ச் சோதனைகள் மறை 20, 25 பாகையில் முடிந்துவிடும். 5டபிள்யூ-40க்கு அது மறை 30, 35. மரமும் வெடிக்கும் குளிரில் வெளியே நிறுத்தி விடியற்காலை எடுப்பவருக்கு, கைநூல் அனுமதித்தால், இரண்டாவது நல்லது. கந்தகம் கூடிய டீசல் விற்கும் நாட்டில் புதுவகை ஒயில் ஊற்றினாலும் மாற்றும் தூரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அங்கே உள்ள உறவினருக்கு இதைச் சொல்லுங்கள்.

நண்பரின் ட்ரக் இப்போது மீண்டும் வீதியில் ஓடுகிறது. மிச்சப் பீப்பாக்களை அவர் கழிவு ஒயில் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டார். அவருக்கு அனுபவம் இல்லாமல் போகவில்லை. ஊரில் கற்ற அனுபவம் ஊரில் ஓடிய எஞ்சினுக்கு உரியது. நாடு மாறி வந்த நாங்கள் இதை வேறு பல விடயங்களிலும் கண்டிருக்கிறோம். டப்பாவில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் எங்கோ பழுதாகி நின்ற எஞ்சின்கள் இருக்கின்றன. அவற்றின் பாடத்தை எங்கள் காசில் இன்னொரு முறை படிக்கத் தேவையில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.