ஆலையின் படம்: இரும்புப் பலகையிலிருந்து கணினிக் கோப்பு வரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியல் ஆலைகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் அழுத்தமானிகளும் வெப்பமானிகளும் அந்தந்தக் கருவியின் அருகிலேயே இருந்தன. ஆபரேட்டர்கள் நடந்து சென்று அளவைப் பார்த்து, கையால் வால்வைத் திருகினார்கள். அழுத்தக் காற்றால் இயங்கும் கருவிகள் வந்ததும் இந்த நடை குறைந்தது. 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரையிலான காற்றழுத்தமே அளவைச் சுமந்து செல்லும் சமிக்ஞையானது. மெல்லிய குழாய்கள் அதைத் தொலைவிலிருந்த அறைக்குக் கொண்டுவந்தன. மையக் கட்டுப்பாட்டு அறை உருவாயிற்று.

அந்த அறையின் சுவரை நிறைத்தது கருவிப் பலகை. பல ஆலைகளில் அதன்மேல் தொட்டி, பம்ப், குழாய்ப் பாதை ஆகியவற்றை வண்ணத்தில் வரைந்து, உரிய இடத்தில் மானிகளையும் விளக்குகளையும் பதித்தார்கள். இதுவே மிமிக் பேனல். ஆலையில் ஒரு பம்ப் கூடினால் பலகையின் தகட்டை வெட்டி, துளையிட்டு, வண்ணம் பூசி, கம்பி இழுக்க வேண்டும். படத்தைத் திருத்துவது பட்டறை வேலையாக இருந்தது.

1959இல் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தரில் டெக்சாகோ சுத்திகரிப்பு ஆலையில் ஆர்.டபிள்யூ.-300 கணினி கட்டுப்பாட்டுப் பணியில் இறங்கியது. 1962இல் இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட்டில் ஐ.சி.ஐ. நிறுவனம் சோடா ஆலைக்கு ஃபெரான்டி ஆர்கஸ் கணினியை அமர்த்தியது. அது 224 அளவுகளைப் படித்து 129 வால்வுகளை இயக்கியது. 1975இல் ஹனிவெல்லின் டி.டி.சி. 2000, யோகோகாவாவின் சென்டம் ஆகிய இரு டி.சி.எஸ். (பரவலாக்கப்பட்ட கட்டுப்பாட்டு) அமைப்புகள் சந்தைக்கு வந்தன. சுவர் முழுக்கப் பரவியிருந்த மானிகள் படக்குழாய்த் திரைகளுக்குள் ஒடுங்கின.

1980களின் இறுதியிலிருந்து சாதாரணக் கணினிகளும் இந்த வேலைக்கு வந்தன. விண்டோஸில் இயங்கிய வொண்டர்வேரின் இன்டச் போன்ற எச்.எம்.ஐ. (மனித-இயந்திர இடைமுக) மென்பொருள்களில் பொறியாளரே மவுஸால் ஆலைப் படத்தை வரைய முடிந்தது. வரைவது எளிதானதும் படங்கள் பெருகின. பெரிய ஆலைகளில் அவை நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. ஒவ்வொரு படமும் தனிக் கோப்பு. ஒவ்வொரு உருவத்துக்குள்ளும் டேக் பெயர் (கருவியின் அடையாளக் குறி), நிறம், இயக்க விதி. அந்தக் கோப்புகளில் பல, உரிய நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே திறக்கும் இரும வடிவில் இருந்தன. 200 படங்களில் ஒரே நிறத்தை மாற்றுவதென்றால் 200 முறை திறந்து, திருத்தி, சேமிக்க வேண்டும்.

படத்தைத் திருத்தியே ஆகவேண்டிய கட்டாயம் விபத்துகளிலிருந்து பிறந்தது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஓர் அழுத்த நிவாரண வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. பேனல் விளக்கு காட்டியதோ மூடுவதற்கான ஆணை போய்ச் சேர்ந்ததை; வால்வின் உண்மை நிலையை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விப்பு நீர் வெளியேறியது. 1994இல் வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில், வெடிப்புக்கு முந்தைய பதினொரு நிமிடங்களுக்குள் 275 அலாரங்கள் ஒலித்தன. 2005இல் 15 பேரைப் பலிகொண்ட டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை விபத்தில், கோபுரத்துக்குள் செல்லும் திரவத்தின் அளவு ஒரு திரையிலும் வெளியேறும் அளவு வேறொரு திரையிலும் இருந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது.

இவற்றின் பாடங்கள் நெறிகளாயின. 1999இல் அலாரங்களுக்கான ஈமுவா 191 வழிகாட்டியும், 2015இல் எச்.எம்.ஐ. வடிவமைப்புக்கான ஐ.எஸ்.ஏ.-101 தரநிலையும் வெளிவந்தன. பின்னணி மங்கிய சாம்பலாக இருக்கட்டும், பளிச்சென்ற நிறம் கோளாறுக்கு மட்டும் என்ற நடைமுறை பரவியது. பழைய ஆலைகள் தங்கள் படங்களை மொத்தமாக மாற்ற வேண்டிய நிலை வந்தது.

மொத்தத் திருத்தத்துக்கு மூன்று வழிகள் அமைந்தன. முதலாவது, ஒரே படத்தைப் பல கருவிகளுக்குப் பொதுவாக வரைந்து, திறக்கும்போது டேக் பெயரை மட்டும் மாற்றித் தருவது. ஒரு மோட்டாருக்கு வரைந்த சிறு சாளரம் ஐம்பது மோட்டார்களுக்கும் உதவும். இரண்டாவது, மென்பொருளுக்குள்ளேயே நிரல் எழுதுவது. ஐஃபிக்ஸ், வின்சிசி போன்றவற்றில் வி.பி.ஏ. நிரல் படங்களை வரிசையாகத் திறந்து, பண்புகளை மாற்றிச் சேமிக்கும். மூன்றாவது, படத்தை எழுத்துவடிவில் வெளியே எடுப்பது. 1998இல் எக்ஸ்.எம்.எல். என்ற எழுத்துவடிவக் குறிமொழி இணையத் தரநிலையானபின் இது வலுப்பெற்றது. ராக்வெல்லின் ஃபேக்டரிடாக் வியூ தன் படங்களை எக்ஸ்.எம்.எல். கோப்புகளாக ஏற்றுமதி செய்து, பலவற்றை ஒரே தடவையில் இறக்குமதி செய்ய இடம்தருகிறது. இடையில் எந்த உரைத் தொகுப்பியிலும் தேடி மாற்றலாம்.

இந்த வேகத்தில் ஆபத்தும் உண்டு. பி-10 என்ற டேக் பெயரை பி-20 ஆக்கச் சொன்னால், கண்மூடித்தனமான தேடல் பி-101ஐயும் பி-201 ஆக்கிவிடும். பி-201 என்ற பம்பும் ஆலையில் இருந்தால் திரையில் எண் ஓடும், பிழைச் செய்தி வராது. ஆபரேட்டர் பார்ப்பதோ வேறொரு பம்பின் அழுத்தம். அதனால்தான் முழுப் பெயருக்கு மட்டும் பொருந்தும் தேடல் விதி, திருத்துமுன் பேக்கப், பழைய கோப்பையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிடல், சோதனைக் கணினியில் முதலில் ஏற்றுதல், பின் ஒவ்வொரு புள்ளியையும் களத்தில் சரிபார்த்தல் என்ற வரிசை பின்பற்றப்படுகிறது.

மிமிக் பேனல் காலத்தில் ஒரு தவறு ஒரு பலகையோடு நின்றது. கோப்புகளின் காலத்தில் ஒரே கட்டளையின் தவறு எல்லாத் திரைகளுக்கும் பரவக்கூடும். மாற்றும் நேரம் குறைந்திருக்கிறது. சரிபார்க்கும் நேரத்தை அதே அளவில் குறைக்க முடியாது.