படிவமும் தோட்டத் தொழிலாளரும்

படிவம் என்பது வெறுங் காகிதமே என்று எண்ணுவோர் மலையகத்தின் வரலாற்றைப் படிக்காதவர்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளருள் வழியில் மாண்டோர் பலரின் பெயர்களை இன்று அறிவாரில்லை. பிழைத்தவர்களைப் பற்றித் தோட்டங்களில் எழுதப்பட்ட காகிதங்களுள் முக்கியமானது 'துண்டு'. இன்ன கடனைச் செலுத்தினால் இத்தொழிலாளியை விடுவிப்போம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுத்த சீட்டு அது. ஆளின் பெயரைக் காட்டிலும் கடனின் தொகையே அதிற் பெரிது. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது.

பின்னர் வந்தது அதனிலும் கொடிய படிவம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் நிரப்பித் தருக என்றது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டுமாம். லயத்து அறையில் வாழ்ந்தவன் எதைக் காட்டுவான்? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இக்கணக்குத் தீர்ந்தபாடில்லை.

இப்போது படிவம் மீண்டும் உருமாறுகிறது. ஆதலாலேயே இப்பழங்கதையை எடுத்தோம்.

அலுவலகங்களுக்குக் கணினி வந்தபோது, படிவம் காகிதத்தின் சாயலிலேயே அதனுட் புகுந்தது. உரிய மென்பொருள் உள்ள கணினியில்தான் திறக்கும். மைக்ரோசாப்ட்டின் 'இன்போபாத்' அத்தகையது. 2003இல் வெளிவந்த அதற்குப் புதிய பதிப்பு இனி இல்லையென 2014இல் அறிவித்துவிட்டனர். உலாவியில் திறக்கும் இணையப் படிவத்துக்கு இத்தொல்லை இல்லை. ஓர் உதாரணம் போதும். 2016இல் இலங்கையின் அடையாள அட்டை இலக்கம் பன்னிரண்டு எண்கள் கொண்டதாயிற்று; அதற்கு முன் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது. மேசைக் கணினிப் படிவமாயின் பிரதி கிடக்கும் கணினிதோறும் திருத்த வேண்டும். ஒன்று தப்பினாலும் அங்கே புதிய அட்டை பெற்ற இளைஞனின் இலக்கம் செல்லாததாகும். இணையப் படிவத்தையோ வழங்கியில் ஒருமுறை திருத்தினாற் போதும்.

எனினும் தமிழுக்கென்று தனியாகவே ஒரு சிக்கல் உண்டு. இந்நாட்டில் நெடுங்காலம் 'பாமினி' எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்தோம். அதில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்பனவே! எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கிலக் குப்பைதான் தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றுவதும் எழுத்துக்கு எழுத்து நடக்கும் எளிய வேலையன்று. 'கொழுந்து' என்று எழுதப் பாமினியில் முதலிற் கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால். ஒருங்குறியிலோ ககரமே முதலில். ஒகரக் குறி அதனைத் தொடரும். இவ்வரிசையைக் கவனியாது மாற்றினால் கோமதியும் கொண்டம்மாவும் சிதைந்த பெயர்களோடு தரவுத்தளத்தில் ஏறுவர். பெயரின் ஓரெழுத்துப் பிழைக்காகச் சத்தியக் கடதாசி முடிக்க ஒருநாட் சம்பளத்தை இழப்பது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படிவத்தை மாற்றுவோர் காகிதத்திலிருந்த பெட்டிகளைப் பெரும்பாலும் அப்படியே பெயர்த்து வைக்கின்றனர். 'குடும்பப் பெயர்' என்றொரு பெட்டி. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைக்கும் நம்மவருக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒருவர் தந்தையின் பெயரை இடுவார். மற்றொருவர் தம் பெயரையே இடுவார். பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்லும், அட்டை வேறொன்று சொல்லும். 'வீட்டு இலக்கம்' இன்னொரு பெட்டி. றத்தோட்டையிலும் எல்கடுவையிலும் லயத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தோட்டத்தின் பெயரே முகவரி. கடிதமும் தோட்ட அலுவலகத்துக்கே வரும். காகிதமாயின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம். இரக்கமுள்ள எழுத்தர் ஏற்றுக்கொள்வார். கட்டாயமாக்கப்பட்ட இணையப் பெட்டி வெறுமையாயின் சிவந்து நிற்கும். அடுத்த பக்கத்துக்கு விடாது. அக்கட்டாயத்தை நீக்க ஒரு நிரலாளருக்குச் சில நிமிடங்களே ஆகும். லயத்து அறைகளுக்குத் தனித்தனி இலக்கம் இடுவதற்கோ தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் கூடிப் பேச வேண்டும்.