பந்தியும் பாடமும்: தமிழகக் கிராமப் பள்ளிகளில் வளரிளம் பெண்களுக்கான ஊட்டச்சத்துக் கல்வி – ஒரு வரலாற்று நோக்கு (தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

தமிழகப் பள்ளிகளில் உணவு வழங்கிய வரலாறு விரிவாகவே எழுதப்பட்டுள்ளது. உணவைப் பற்றிக் கற்பித்த வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் வழியே தனித்தனியாக வளர்ந்தன. கிராமப்புற வளரிளம் பெண்ணின் உடல்நலம் இவ்விரண்டிற்கும் இடையே விடுபட்டுப் போனதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வளரிளம் பெண்கள், ஊட்டச்சத்துக் கல்வி, சத்துணவுத் திட்டம், மனையியல், இரத்தசோகை, தாம்பரம்

முன்னுரை

பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம்விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது வரையறை. ஆங்கிலேய அரசின் மறுப்பால் 1925-இல் அது நின்றது. 1956-இல் காமராசர் காலத்துத் திட்டம் தொடக்கப் பள்ளிகளை நோக்கியது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 2 முதல் 9 வயது வரையிலான கிராமப்புறக் குழந்தைகளுக்கானது. அதே ஆண்டில் நகர்ப்புறங்களுக்கும் விரிந்தது.

ஆய்வாளர் பலரும் 1982-ஐயே திருப்புமுனையாகக் கொள்வர். வளரிளம் பெண்ணின் பக்கமிருந்து நோக்கினால் 1984-ஐயே அவ்வாறு கொள்ள வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில்தான் 10 முதல் 15 வயது வரையிலான மாணவர்களும் பந்தியில் சேர்க்கப்பட்டனர். பூப்படையும் பருவத்துக் கிராமப் பெண் பள்ளிக்கு வந்தால் அரசின் உணவு கிடைக்கும் என்ற நிலை அதற்கு முன்பு இல்லை. இக்கட்டுரையாளரின் தாயார் அந்த ஆண்டில் படப்பைப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்பு மாணவி. அலுமினியத் தட்டைப் பைக்குள் வைத்துச் சென்றதையும் சாம்பாரின் மணத்தையும் இன்றும் நினைவுகூர்வார். அந்த உணவில் என்ன இருந்தது, தமக்கு அது ஏன் தேவை என்று எவரேனும் கூறினரா என வினவியபோது, "சாப்பாட்டைப் பத்தி என்ன பாடம்?" என்று திருப்பிக் கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குத் தொடக்கம்.

குன்னூரில் உருவான பாடம்

தென்னிந்தியாவில் ஊட்டச்சத்து அறிவியல் பள்ளிக்கு வரும் வழி குன்னூரில் தொடங்குகிறது. அங்கு ஆய்வு நடத்திய இராபர்ட் மெக்காரிசன் 1928-இல் உணவு பற்றிய சிறு பாடநூல் ஒன்றை வெளியிட்டார். பள்ளிகள், கல்லூரிகள், நலவாழ்வு மையங்கள், சாரணர் இயக்கங்கள் ஆகியவற்றின் பயன்பாட்டுக்கென எழுதப்பட்ட நூல் அது. இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளின் உணவை எலிகளுக்கு அளித்து எடை பார்த்தவை அவருடைய புகழ்பெற்ற சோதனைகள். சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்திருந்தன.

இச்சோதனை அறிவியல் வரலாற்றில் முதன்மையானது. எனினும் அதன் விளக்கத்தில் ஒரு சாய்வு உண்டு. மெலிவுக்குக் காரணம் அரிசி உண்ணும் வழக்கமாகக் காட்டப்படும்போது, பாலும் பருப்பும் வாங்க இயலாத வறுமை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு இதனை ஓரளவு நேர்செய்தார். இந்திய உணவுப்பொருள்களின் சத்து அளவுகளைத் தொகுத்து 1937-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, சமச்சீர் உணவின் விலையையும் கணக்கிலெடுத்தது. புழுங்கலரிசியின் சிறப்பையும் அவர் வலியுறுத்தினார். ஆயினும் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது, விலைக் கணக்கைக் காட்டிலும், "எதை உண்ண வேண்டும்" என்னும் அறிவுரையே.

குன்னூருடன் தொடர்புடைய மற்றொரு பெயர் லூசி வில்ஸ். பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த அவர், ஈஸ்ட் சாறு அதனைக் குணமாக்குவதை 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. 1941-இல் பசலை வகைக் கீரை ஒன்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் பெயருக்கு மூலம். ஏழைத் தொழிலாளப் பெண்களின் உடலிலிருந்து தொடங்கிய இவ்வறிவு இன்று பள்ளி மாணவியின் கைக்கு மாத்திரையாக வருகிறது. மாத்திரையுடன் இந்த வரலாறும் சென்றிருந்தால் அது உயிருள்ள பாடமாக அமைந்திருக்கும்.

மனையியலும் அதன் எல்லையும்

ஊட்டச்சத்துக் கல்விக்கு நிலையான இடம் அளித்த துறை மனையியல். 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கமும், 1927-இல் புனேயில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாடும் பெண்கல்வியின் உள்ளடக்கத்தை விவாதித்தன. அம்மாநாட்டின் முயற்சியில் 1932-இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரி உருவானது. தமிழகத்தில் தி.சு. அவினாசிலிங்கம் கோவையில் 1957-இல் நிறுவிய மனையியல் கல்லூரி இத்துறையின் மையமாயிற்று. அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இராஜம்மாள் பா. தேவதாஸ் அதனை வழிநடத்தினார். பள்ளி உணவையும் சிற்றூர்களின் ஊட்டச்சத்தையும் ஆய்வுப் பொருளாக்கியதில் அவருடைய பங்கு பெரிது.

எனினும் அத்துறையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். உணவு, குழந்தை வளர்ச்சி, ஆடை, குடும்ப வள மேலாண்மை என்று அது பகுக்கப்பட்டது. இவ்வமைப்பில் பெண் பிறருக்கு ஊட்டுபவள். கணவனின் உழைப்புக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் ஏற்பச் சமைக்கக் கற்பவள். பதினான்கு வயதில் தன் உடலுக்கு எவ்வளவு இரும்புச்சத்து வேண்டும் என்ற வினா அங்கே நடுவிடம் பெறுவதில்லை. மேலும், மேல்நிலை வகுப்பில் மனையியல் ஒரு விருப்பப் பாடமே. அதனைத் தேர்ந்தெடுக்காத மாணவிக்கும், பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கும் அறிவியல் நூலின் பொதுப்பாடம் மட்டுமே எஞ்சியது.

வீட்டின் அறிவு

இதற்கு மாறாக, பெண்ணின் உடலையே நேரடியாக நோக்கிய உணவு மரபொன்று வீட்டில் இருந்தது. பூப்படைந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் வெந்தயக்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுப்பது தமிழகத்தின் பல பகுதிகளில் இன்றும் வழக்கம். இதனைப் போற்றிப் பாடுவது எளிது. அதே நாள்களில் அவள் தனித்து அமர்த்தப்பட்டதையும், களி சில நாள்களுடன் நின்றுபோய் அதன்பின் ஆண்கள் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வரிசைக்கே அவள் திரும்பியதையும் மறக்கலாகாது. ஆயினும், மாதவிலக்கின் இழப்பை உணவால் ஈடுசெய்ய வேண்டும் என்ற அறிவு அவ்வழக்கில் உறைந்திருந்தது. பள்ளி அதனை மூடநம்பிக்கை என்று மறுக்கவுமில்லை, அறிவு என்று ஏற்கவுமில்லை, பேசாமல் கடந்தது. வகுப்பறையில் மாதவிலக்கைப் பற்றிப் பேச நேர்ந்த கூச்சமே இம்மௌனத்தின் காரணம் எனக் கருத இடமுண்டு.

மாத்திரை

2010-க்குப் பின் அரசின் பார்வை வளரிளம் பெண்ணின் மீது நேரடியாகத் திரும்பியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு இரும்புச்சத்து–ஃபோலிக் அமில மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும் வழங்கும் தேசியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊட்டச்சத்துக் கல்வியும் அதன் ஒரு கூறு. ஆயினும் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15–49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். முந்தைய ஆய்வில் இது 55 விழுக்காடு.

திட்டங்களின் வயது வரம்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்புடன் முடிகிறது. மதிய உணவும் முட்டையும் பத்தாம் வகுப்புடன் முடிகின்றன. மாத்திரை மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்கிறது. அம்மாத்திரையை உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டும். பதினொன்றாம் வகுப்பில் அரசு அவளிடம் மாத்திரையைத் தருகிறது, அதற்கு முன் உண்ண வேண்டிய சோற்றைத் தருவதில்லை. காலையில் ஒன்றும் உண்ணாமல் பேருந்தேறி வரும் மாணவி அதனைச் சன்னல் வழியே எறிந்தால், அதை அறியாமை என்று மட்டும் கூற இயலாது.

தாம்பரத்தின் ஏரிக்கரைகள்

இச்சிக்கல் தாம்பரம் வட்டாரத்தில் வேறொரு வடிவம் பெறுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் 2019-இலும், தாம்பரம் மாநகராட்சி 2021-இலும் உருவாயின. பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் ஆகியவை ஒரே மாநகராட்சிக்குள் வந்தன. அகரம்தென், முடிச்சூர், வேங்கைவாசல் போன்றவை அப்போது ஊராட்சிகளாகவே நின்றன. ஒரு தெருவின் ஒருபுறம் நகரம், மறுபுறம் கிராமம் என்னும்படி எல்லைகள் அமைந்தன. இரண்டு புறத்துப் பள்ளிகளிலும் படிப்போர் பெரும்பாலும் ஒரே வகைக் குடும்பத்தினர்: கட்டட வேலை, வீட்டு வேலை, தொழிற்பேட்டைக் கூலி.

ஊட்டச்சத்துப் பாடம் கூறும் மலிவான உள்ளூர் உணவு இங்கே ஏரிப் பாசனத்தோடு பிணைந்திருந்தது. வரப்பில் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும், வீட்டுப் பின்புறத்தில் முருங்கையும், ஏரி வற்றும்போது சிறுமீனும் விலையின்றிக் கிடைத்தன. வரப்புகள் மனைப்பிரிவுகளாயின. கீரைக்கட்டு இன்று விலைகொடுத்து வாங்கும் பொருள். ஐந்து ரூபாய்க்கு விற்கும் பொட்டலத் தின்பண்டம் அதைவிட எளிதில் கிடைக்கிறது. "அருகில் கிடைக்கும் கீரையை உண்க" என்னும் தொடரை இம்மாணவியர் படிக்கும்போது, அது அவர்களின் பாட்டிமார் வாழ்ந்த நிலத்தைப் பற்றிய செய்தியாகிவிடுகிறது.

இவ்வட்டார அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் மாணவியருடன் உரையாடியபோது, மாத்திரையுடன் தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதோ, எலுமிச்சையும் நெல்லியும் அதற்கு உதவும் என்பதோ அவர்களுள் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி, அதனைத் தன் தம்பிக்கு உணவூட்டும்போது பயன்படுத்துவதாகக் கூறினாள். உனக்கு என்று கேட்டபோது சிரித்தாள், அருகிலிருந்தவர்களும் சிரித்தனர்.