அனகாபுத்தூர்த் தறிக் கணக்கு

சென்னையில் பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மலைத் தாண்டினால் அனகாபுத்தூர். 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இரண்டும் அடங்கிவிட்டன. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோல் பதனிடும் தொழிலால் பெயர் வாங்கிய இந்தப் பகுதியில் ஒரு நெசவாளர் ஊர் இருந்தது, அங்கே நெய்த துணியை நைஜீரியாவில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உடுத்தினார்கள் என்ற செய்தி பக்கத்துத் தெருக்காரர்களுக்கே புதிதாக இருக்கும்.

அந்தத் துணிக்கு ஏற்றுமதிச் சந்தையில் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று பெயர். சட்டைப் பைக்குள் மடித்து வைக்கும் கைக்குட்டை இல்லை இது. 36 அங்குலச் சதுரங்களை வெட்டாமல் ஒன்றை அடுத்து ஒன்றாக நெய்து, 8 கஜம் கொண்ட ஒரு துண்டாக விற்பார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் நூலில் கட்டம் கட்டமாக இருக்கும். நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களுக்கு இது வெறும் உடுதுணியாக இருந்ததில்லை. பிறந்த குழந்தையைச் சுற்றுவது முதல் இறந்தவரின் கட்டிலை அலங்கரிப்பது வரை இந்தக் கட்டத் துணி வேண்டும். இன்ன கட்டம் இன்ன குடும்பத்துக்கு உரியது என்ற பாத்தியதையும் உண்டு. அங்குள்ள பெண்கள் இன்னொரு படி மேலே போனார்கள். நெய்து வந்த துணியில் சில இழைகளை மட்டும் கூரிய கத்தியால் அறுத்து உருவி, கட்டத்துக்குள் புதுக் கோலம் காண்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜோஆன் ஐச்சர் இந்த வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

குடும்பத்துக்கென்று கட்டம் இருக்கும்போது ஒரே மாதிரியைக் கணக்கில்லாமல் நெய்து தள்ள முடியாது. இன்றைக்கு 'லிமிடெட் எடிஷன்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த வியாபாரம் இங்கே அந்தப் பெயர் இல்லாமலே நடந்தது. அப்படியானால் ஒரு மாதிரியில் எத்தனை துண்டு என்பதை யார் தீர்மானித்தார்கள்?

முதலில் தறி தீர்மானித்தது. ஒரு புதுக் கட்டத்தைத் தொடங்க வேண்டுமானால் நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும், நிறத்துக்கு இத்தனை இழை என்று எண்ணி, நீளவாக்கு இழைகளான பாவு ஓட வேண்டும், விடியற்காலையில் தெருவில் நீளமாக விரித்துக் கஞ்சி தோய்க்க வேண்டும். அதன் பிறகுதான் பிணைப்பு. முடிந்துபோன பாவின் நுனிகள் இழைகளைத் தூக்கும் விழுதிலும், அவற்றைப் பிரித்து நிறுத்தும் அச்சிலும் கோத்தபடியே கிடக்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அதற்கு நேரான பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரல்களால் முறுக்கி ஒட்டிக்கொண்டே போவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். நெய்யப்போவது ஒரு துண்டானாலும் பத்துத் துண்டானாலும் இந்த வேலையில் பாதியைக் குறைக்க வழியில்லை. எனவே ஒன்றே ஒன்று நெய்வது கட்டுபடியாகாது. பாவை அளவுக்கு மீறி நீட்டினாலோ நூலில் பணம் முடங்கும். விற்காவிட்டால் வட்டி ஏறும். காஞ்சிபுரத்தில் ஒரு பாவுக்கு மூன்று சேலை, நான்கு சேலை என்று பழகிப்போனதற்கும் இதே கணக்குத்தான் அடிப்படை.

சாயத் தொட்டி இரண்டாவது எல்லை. இயற்கைச் சாயத்தில் ஒருமுறை வந்த சிவப்பு அடுத்த முறை அப்படியே வராது. ஒரே முக்கில் நனைத்த நூல் எவ்வளவோ அவ்வளவுதான் அந்த நிறம். ஆனால் நெசவாளரின் சாமர்த்தியம் இங்கேதான் தெரியும். பாவின் நிறத்தை நடுவில் மாற்ற முடியாது, குறுக்கே ஓடும் ஊடையின் நிறத்தை மாற்றலாம். நாடாவில் வேறு நிற நூல் சுற்றிய தாரைப் போட்டால் அதே பாவிலேயே அடுத்த துண்டு வேறு துணியாகிவிடும். ஐரோப்பாவில் செப்புத் தகட்டிலிருந்து படம் அச்சிட்ட ஓவியர்கள் 19ஆம் நூற்றாண்டில், குறித்த எண்ணிக்கை முடிந்ததும் தகட்டைக் கீறிப் பாழாக்கினார்கள். இனி அச்சாகாது என்று வாங்குபவர் நம்புவதற்காக அது. தறிக்காரருக்கு அந்தச் சத்தியம் தேவைப்படவில்லை, பாவு தானாகவே தீர்ந்துவிடும்.

மூன்றாவதாகத் தீர்மானித்தவர் வியாபாரி. சொல்லப்போனால் அவர் கைதான் ஓங்கியிருந்தது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக் கரையில் இடம் பிடித்ததற்கு இங்கே துணி மலிவு என்பது ஒரு முக்கியக் காரணம். லண்டனிலிருந்து இந்த ரகம் இத்தனை துண்டு என்று பட்டியல் வரும். உள்ளூர்த் தரகர்கள் நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பார்கள். வந்த சரக்கை மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். நெசவாளர்களை அருகிலேயே வைத்துக்கொள்வதற்காக 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார்கள். இந்தியத் துணியை ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோயின. அந்தக் காலத்தில் அங்கே துணியைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள் என்பதை இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாது.

முன்பணம் வாங்கியவருக்கு எண்ணிக்கையைப் பற்றிய கவலை இல்லை, உரிமையும் இல்லை. 20ஆம் நூற்றாண்டு அனகாபுத்தூரிலும் நெசவாளரின் நிலை அதிகம் மாறவில்லை. கட்டமும் எண்ணிக்கையும் கடலுக்கு அப்பாலிருந்து வந்தன, கூலி இங்கே கிடைத்தது. 1970களில் நைஜீரியா இறக்குமதித் துணிக்குக் கதவை அடைத்தபோது அந்த ஏற்பாட்டின் பலவீனம் தெரிந்துவிட்டது. நெய்யக் கை இருந்தது, எத்தனை நெய்வது என்று சொல்ல ஆள் இல்லை. பலர் தறியை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள்.

மிச்சமிருந்தவர்கள் எடுத்த வழி துணிச்சலானது. வாழை நார், சணல், மூங்கில் என்று நார்களைத் தேடிப் போனார்கள். 25 இயற்கை நார்களைச் சேர்த்து நெய்த ஒரு சேலை லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்று, ஊரின் பெயரை மறுபடியும் வெளியே கொண்டுபோனது. வாழை நார் பருத்தி நூல்போல நீளமாக ஓடாது. ஒவ்வொரு நாரையும் கையால் முடிச்சிட்டு அடுத்ததோடு சேர்க்க வேண்டும். காய்ந்தால் முறியும், இழுத்தால் அறும். பாவுக்குப் பருத்தியையோ பட்டையோ வைத்துக்கொண்டு, நாரைப் பெரும்பாலும் ஊடையில்தான் ஓட்ட முடியும். ஆகவே இப்போது எண்ணிக்கை பாவைப் பார்த்து மட்டும் முடிவாவதில்லை. எத்தனை நார் கிடைத்தது, அதை முடிச்சிட எத்தனை பெண்கள் உட்கார முடியும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

நார்ச் சேலை விற்காமல் தங்கினால் நஷ்டம் நெய்தவர்கள் தலையில் விழுகிறது. அந்த பயத்தில் பாவைக் குறுக்கினால் சேலைக்குச் சேலை அடக்கவிலை ஏறி, வாங்க வந்தவர் விலையைக் கேட்டுத் திரும்பிவிடுகிறார். இதற்கு முன்பணம் பழைய மருந்துதான், ஆனால் இன்றும் வேலை செய்யும். ஒரு குடும்பத்தில் கல்யாணத்துக்கு நான்கு சேலை எடுக்கிறார்கள் என்றால், ஒரே பாவில் ஊடையை மட்டும் மாற்றி நான்கையும் வேறுவேறாக நெய்து வாங்கிக்கொள்ளலாம். பாதித் தொகையை முதலிலேயே கொடுத்தால் நூல் வாங்கக் கடன் வேண்டியதில்லை. நைஜீரியக் குடும்பங்கள் தங்களுக்கென்று கட்டம் வைத்துக்கொண்டதைப் போலப் பம்மலிலும் குரோம்பேட்டையிலும் நாலு குடும்பம் கேட்டால்கூட, அனகாபுத்தூரில் ஒரு தறிக்குச் சில மாத வேலை உறுதியாகும்.